பரவைக்கடலில் நிற்கும் இரும்புக்கு எதைப் பூசப் போகிறீர்கள்?

யாழ். குடாநாட்டின் துறைமுகம், இறங்குதுறை, பாலம், பாதை ஆகிய வேலைகளுக்கு விபரக்கூற்று எழுதும் பொறியியலாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் கரையோரம் கடலுக்குள் இறங்கப்போகும் இரும்பு கொஞ்சநஞ்சமல்ல. காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த முதலில் கடனாகப் பேசப்பட்ட இந்திய உதவி, 2024 இல் 6 கோடி 15 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையாக மாறியது. மயிலிட்டி மீன்பிடித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட வேலை 2025 செப்ரெம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. தீவுப்பகுதி இறங்குதுறைகள் எப்போதும் ஏதோ ஒரு திருத்தத்துக்குக் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு கொங்கிறீற் என்பது வரைபடத்துக்கு வரைபடம் மாறும். ஆனால் ஒன்றோடொன்று கோத்து அடிக்கும் தகட்டுமுளையோ, குழாய்த் தூணோ, ஏணியோ, வள்ளக்கயிறு மாட்டும் குற்றியோ, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் பாதைப் படகின் மிதவையோ, எதுவாயினும் அதன்மேல் ஒரு பூச்சு ஏறத்தான் போகிறது. அது என்ன பூச்சு என்பதை அளவுப் பட்டியலின் ஒரு மூலையில் ஒரு வரியாக எழுதுகிறவர்கள் நீங்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

நல்லூரிலிருந்து கொண்டு கடலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். கோவில் வீதியில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவின் அரியாலை போய் முடிவது கடனீரேரியில்தான். சந்தையில் வாங்கும் நண்டும் இறாலும் அங்கிருந்துதான் வருகின்றன. சொல்ல வருவது இதுதான்: இரும்பைக் காப்பது ஒரு தேவை, கடலைக் காப்பது வேறொரு தேவை, ஒன்றுக்காக மற்றதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் எங்கள் வேலைத்தளங்களில் ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணம் பிழையானது. ஒரு பூச்சு கடலுக்கு ஆகக்கூடிய தீங்கைச் செய்வது அது உரியும்போதும், உரிந்ததைச் சுரண்டி மீண்டும் அடிக்கும்போதும்தான். ஆகவே கடலுக்குப் பாதுகாப்பான பூச்சு எது என்று தேடினால், நஞ்சில்லாத, அதேநேரம் ஆகக்கூடிய காலம் உரியாமல் நிற்கிற பூச்சில்தான் போய்ச் சேருவோம். இரும்புக்கு நல்லதும் அதுவேதான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் கடனீரேரி சுமார் 400 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பல இடங்களில் ஆள் நடந்துபோகும் ஆழந்தான். பரவைக்கடல் என்று சும்மா சொல்லவில்லை. கடற்சாதாளையும் சேறும் நிறைந்த இந்தத் தரையில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. குருநகர், பாசையூர், நாவாந்துறை, காக்கைதீவுத் தொழிலாளர்களின் வலைகளும் களங்கட்டிகளும் இங்கேதான் நிற்கின்றன. இப்போது கடலட்டைப் பண்ணைகளும் சேர்ந்திருக்கின்றன. ஆழ்கடலில் ஒரு கப்பலின் பெயின்ற் செதில் விழுந்தால் அது பெருநீரில் கரைந்து ஐதாகிவிடும் என்று வாதிடலாம். இங்கே விழுந்த செதில் தூணின் காலடியிலேயே, சேற்றிலேயே கிடக்கும். அந்தச் சேற்றைத் துழாவித் தின்பதுதான் நண்டுக்கும் அட்டைக்கும் பிழைப்பு.

இனித் தூணைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். கடலில் நிற்கும் இரும்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கறள் பிடிப்பதில்லை. அலை தெறிக்கும் பட்டையில் உப்பும் ஈரமும் ஒட்சிசனும் ஒருங்கே கிடைப்பதால் அங்கே தேய்மானம் கடுமை. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய அதன் பாதி. பிரித்தானியத் துறைமுகக் கோவை, காப்பில்லாத இரும்புக்குத் தெறிபட்டையில் ஆண்டுக்குச் சராசரி 0.08 மில்லிமீற்றர், நீரடியில் 0.04 என்று கணக்கு வைக்கிறது. குளிர்நாட்டுக் கணக்கு அது. எங்கள் வெப்பத்தில் அதைவிடக் குறையும் என்று நம்பக் காரணமில்லை. இவற்றை விட மோசமான இன்னொன்று வற்றுமட்டத்தை ஒட்டி ஒளிந்திருக்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் புடைத்த ஒரு படை. அதைச் சுரண்டினால் அடியில் கருஞ்சேறு, கூழ்முட்டை மணம். அதையும் வழித்தால் பளபளவென்று குழி விழுந்த இரும்பு. சல்பேற்றைத் தின்னும் நுண்ணுயிர்களின் கைவேலை அது. இந்த வகை அரிப்பு ஆண்டுக்கு அரை மில்லிமீற்றரையும் தாண்டும். பத்து மில்லிமீற்றர் தகடு இருபது வருடத்தில் ஓட்டையாகும் என்று பொருள். மாரியில் கடனீரேரி நன்னீராகிவிடுமே, அப்போது கறள் குறையாதா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் துறைமுகத்தைக் காட்டலாம். சொட்டு உப்பில்லாத அந்த நீரிலும் இரும்புத் தகட்டுமுளைகளில் குழி குழியாக அரிப்பு இருப்பது 1998 இல் தெரியவந்தது. அங்கும் நுண்ணுயிர்தான் முக்கிய பங்காளி.

இந்த இரும்புக்கு நாங்கள் வழக்கமாக எதைப் பூசுகிறோம்? சிறிய வேலையென்றால் இரும்புக்கடையில் ‘அன்ரிகொறோசிவ்’ என்று கேட்டு வாங்கும் செங்காவிப் பெயின்ற், கம்பிப் பிரஷால் நாலு இழுப்பு, அதன்மேல் எனாமல். வீட்டு வேலிக் கேற்றுக்கு அது போதும். கடலுக்குள் அது ஒரு மாரியைத் தாண்டினால் அதிசயம். பெரிய வேலையென்றால் பழைய விபரக்கூற்றுகளிலிருந்து படியெடுத்து வரும் தார் எப்பொக்சி. நிலக்கரித் தாரையும் எப்பொக்சி பிசினையும் கலந்த கறுப்புப் பூச்சு. அதன் திறமையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நீர் புகாமை, ஒட்டுத்தன்மை, மலிவு மூன்றிலும் அது கெட்டிக்காரன். உலகத் துறைமுகங்களில் பல பத்தாண்டுகள் நின்று காட்டியிருக்கிறது. ஆனால் அதன் நீர் புகாமைக்குக் காரணமான அந்தத் தாரில்தான் பல்வளைய நறுமண ஐதரோகாபன்கள் இருக்கின்றன. நிலக்கரித் தார்ப்பிசினை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பிலேயே புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் வைத்திருக்கிறது. தூரிகை பிடிப்பவரின் தோலிலும் மூச்சிலும் அது முதலில் ஏறுகிறது. பிறகு செதிலாகச் சேற்றில் சேருகிறது. மஞ்சட்பச்சை நிறத் துத்தநாகக் குரோமேற்று அடிப்பூச்சின் கதையும் இதுதான். அதிலுள்ள ஆறு வலுவளவுக் குரோமியமும் அதே முதல் வகுப்பு. ஐரோப்பிய ஒன்றியம் குரோமேற்று நிறப்பொருள்களைத் தனி அனுமதி பெறாமல் பயன்படுத்த முடியாத பட்டியலில் சேர்த்துவிட்டது.

‘இத்தனை சிறிய அளவு என்ன செய்யும்? மீன்பிடி வள்ளங்களின் இயந்திர எண்ணெயோடு ஒப்பிட்டால் இது தூசு’ என்று ஒரு மறுப்பு எப்போதும் வரும். எண்ணெய் ஒரு பெரிய சிக்கல்தான். அதற்காக இது தூசாகிவிடாது. பிரான்சின் ஆர்க்கஷோன் குடா எங்கள் கடனீரேரியைப் போலவே ஆழங்குறைந்த, ஒடுங்கிய வாயுள்ள நீர்நிலை. அங்கே சிப்பி வளர்ப்புத்தான் ஊரின் வாழ்வு. 1970களின் பிற்பகுதியில் சிப்பிகள் குஞ்சு பொரிப்பது நின்றது, ஓடுகள் தடித்து உருக்குலைந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரொன்னுக்கு மேல் இருந்த விளைச்சல் 1981 இல் மூவாயிரம் ரொன்னாகச் சரிந்தது. காரணம் உல்லாசப் படகுகளின் அடியில் பூசிய டிரைபியூட்டைல் ரின் என்ற கலவை. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஓரிரு பங்கே சிப்பி ஓட்டைக் கெடுக்கப் போதுமாயிருந்தது. 1982 இல் பிரான்ஸ் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அதைத் தடைசெய்தது, சிப்பிகள் மீண்டன. உலகம் முழுவதற்குமான தடை 2001 இல் எழுதப்பட்டு 2008 செப்ரெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அது பாசியும் கொட்டலசும் பிடிக்காமலிருக்கப் பூசும் நஞ்சு, கறள் தடுக்கும் பூச்சில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. மூடிய ஆழங்குறைந்த நீரில் ‘சிறிய அளவு’ என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

எங்கள் நீருக்கு மிக நெருங்கிய சான்று எதிர்க்கரையில் நிற்கிறது. 1914 பெப்ரவரியில் திறந்த பாம்பன் ரயில் பாலம், பாக்கு நீரிணைப் பக்கத்து உப்புக்காற்றில் நூறாண்டுக்கு மேல் நின்றது. ஓயாமல் சுரண்டியும் பூசியும் பாகம் மாற்றியுமே அதை நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் 2022 டிசெம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 ஆம் திகதி திறந்த புதிய பாலத்துக்கு அவர்கள் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. வெறும் பெயின்ற்றை நம்பவில்லை. இரும்பின்மேல் முதலில் துத்தநாகத்தை உருக்கித் தெளித்தார்கள், அதன்மேல் எப்பொக்சி அடைப்பு, அதற்கும் மேலே வெயில் தாங்கும் பொலிசிலொக்சேன். ஆயினும் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சில பாகங்களில் அரிப்புத் தொடங்கியிருப்பதைச் சுட்டியது. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்தே படிக்கவேண்டும். முதலாவது, இந்தக் கடலுக்கு ஏற்ற அடுக்கு எது என்று அயலவர்கள் ஏற்கெனவே யோசித்துவிட்டார்கள். இரண்டாவது, எந்த அடுக்கை எழுதினாலும் வேலைத்தளத்தில் அது ஏறும் விதத்தில்தான் மிச்சமெல்லாம் இருக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து நெடுங்காலம் ஆராய்ந்து வருகிறது. அந்தத் தரவுகள் கொழும்பு வழியாகச் சுற்றி வரவேண்டியதில்லை.

நான் கேட்பது புதுமை எதுவுமல்ல. உலோகத்தின் மேல் உலோகம் என்பது பழைய வழி. அமெரிக்க வெல்டிங் சங்கம் 19 ஆண்டுகள் கடல்நீரிலும் கடற்காற்றிலும் வைத்துப் பார்த்து 1974 இல் வெளியிட்ட முடிவுகளில், ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்களவே தெளித்த அலுமினியம், அடைப்புப் பூச்சோடு சேர்ந்து, அந்தக் காலம் முழுவதும் இரும்பைக் காத்து நின்றது. 1984 இல் வடகடலின் ஹட்டன் எண்ணெய் மேடை இதை ஆழ்கடலுக்குக் கொண்டுபோனது. இந்த முறையில் ஆவியாகும் கரைப்பான் இல்லை, தார் இல்லை, குரோமியம் இல்லை. கரைப்பானில்லாத பூச்சு ஏதோ நேற்றுப் பசுமை இயக்கம் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. தென் அவுஸ்திரேலியாவில் மோர்கனிலிருந்து வையாலாவுக்குப் போகும் 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீர்க்குழாயின் வெளிப்புறத்துக்கு, இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே, நீரில் கரைத்த சிலிக்கேற்றுடன் துத்தநாகத் தூளைக் கலந்து பூசினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அது நன்றாயிருந்தது. நஞ்சு குறைந்த பூச்சு என்றால் ஆயுள் குறைந்த பூச்சு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை. ஒருவேளை ‘சூழல்நேயம்’ என்று பேணியில் பச்சை இலை ஒட்டி விற்கும் நீர்ப்பெயின்ற்றைக் கடலுக்குள் அடித்துப் பார்த்த யாரோ பரப்பியிருக்கலாம். அது காற்றில் நிற்கும் கைப்பிடிக்கு நல்லது. நீருக்குள் அதற்கு வேலையில்லை. விபரக்கூற்றில் ‘சூழல்நேயப் பூச்சு’ என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் அந்தப் பேணிதான் வரும்.

எங்கள் கடலுக்கென்று ஒரு சலுகை இருக்கிறது, அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. இங்கே வற்றுப்பெருக்கு வித்தியாசம் சிறிது, அரை மீற்றர் சொச்சம். பல மீற்றர் ஏறி இறங்கும் ஐரோப்பியத் துறைமுகங்களில் தூணின் பெரும்பகுதி ஆபத்தான பட்டைக்குள் வந்துவிடும். கடனீரேரிக்குள், அலையும் அடங்கியிருக்கும் இடத்தில், அந்தப் பட்டை ஒன்றரை மீற்றர் உயரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 40 சென்ரிமீற்றர் விட்டமும் 12 மீற்றர் நீளமும் உள்ள ஒரு குழாய்த் தூணை எடுங்கள். மொத்த வெளிப்பரப்பு சுமார் 15 சதுர மீற்றர். ஒன்றரை மீற்றர் பட்டையின் பரப்பு இரண்டு சதுர மீற்றருக்கும் குறைவு, எட்டில் ஒன்று. விலைகூடிய காப்பு முழுவதையும் அந்த எட்டில் ஒன்றில் போடுங்கள் என்பதே வேண்டுகோள். புதிய தூணானால் அங்கே அலுமினியத் தெளிப்பும் கண்ணாடிச் செதில் கலந்த, கரைப்பானில்லாத எப்பொக்சியும். ஏற்கெனவே நிற்கும் பழைய தூணானால் அதைத் தோலுரிக்காமலேயே, கொட்டலசைத் தட்டிவிட்டு, பெற்றோலியக் களிம்பு தோய்த்த நாடாவைச் சுற்றி வெளியே கடினமான உறை மாட்டும் முறை இருக்கிறது. நீருக்குள் நின்றபடியே சுழியோடி ஒருவர் அதைச் சுற்றமுடியும். மணல் வீச்சு இல்லை, செதில் இல்லை, ஆவி இல்லை. காங்கேசன்துறையின் திறந்த கடற்பக்கம் வேறு கதை. அங்கே வாடைக்காலத்தில் அலை தெறிக்கும் உயரம் இரண்டு மூன்று மடங்காகும், பட்டையும் அதற்கேற்ப உயரவேண்டும். ஒரே விபரக்கூற்றை இரண்டு இடத்துக்கும் படியெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நீரடிப் பகுதிக்கு அனேகமாக ‘அனோட்’ கட்டி மாட்டுவீர்கள். தன்னைத் தின்னக் கொடுத்து இரும்பைக் காக்கும் உலோகம் அது. வழக்கமாக வாங்குவது துத்தநாகம். ஒரு கிலோ துத்தநாகம் தரும் காப்பு சுமார் 780 அம்பியர் மணி. அலுமினியக் கலப்புலோகம் சுமார் 2,500. பூச்சே இல்லாத இரும்புக்குச் சதுர மீற்றருக்கு 100 மில்லி அம்பியர் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்தால், 10 சதுர மீற்றர் இரும்பு ஒரு வருடத்தில் 11 கிலோவுக்கு மேல் துத்தநாகத்தைக் கடலுக்குள் கரைக்கிறது. அதே இரும்புக்கு நல்ல பூச்சு ஏறி, நூற்றில் ஐந்து பங்கு இடமே திறந்திருந்து, அனோட்டும் அலுமினியமானால் கரைவது ஏறக்குறைய 175 கிராம். அந்தக் கலப்புலோகத்தில் துத்தநாகம் நூற்றுக்கு ஐந்துதான், ஆக அது 9 கிராம். பதினொரு கிலோவுக்கு எதிரே ஒன்பது கிராம். அதோடு பழைய வகைத் துத்தநாக அனோட்டில் சிறிது கட்மியமும் சேர்ப்பார்கள், அது எலும்பையும் சிறுநீரகத்தையும் பாதிப்பது. பூச்சைப் பிறகு பார்ப்போம், இப்போதைக்கு அனோட் போதும் என்று செலவை மிச்சம் பிடிக்கும் வழக்கம் எவ்வளவு உலோகத்தைச் சேற்றில் கொட்டுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

நான் சொல்லும் பூச்சுகளும் கங்கைநீர் அல்ல, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் விளம்பரமாகிவிடும். எப்பொக்சி பிசின் பிஸ்பீனோல் ஏ என்ற பொருளிலிருந்து உருவாகிறது. உடலின் ஓமோன்களைக் குழப்பும் அப்பொருளை உணவுப் பேணிகளின் உட்பூச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்திருக்கிறது. பிசின் முழுதாக இறுகினால் கசிவது மிகக்குறைவு. கலவை விகிதம் தவறி அரைகுறையாக இறுகினால் கசியும். துத்தநாகமும் அளவு மிஞ்சினால் கடலுயிருக்குக் கேடு, அதனால்தான் நீருக்குள் அலுமினியம், காற்றில் துத்தநாகம் என்று பிரிக்கச் சொல்கிறேன். எந்தப் பூச்சு உரிந்தாலும் அது நுண்பிளாஸ்ரிக்தான். ஆகவே மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: பூச்சு உரியாமலிருப்பது.

உரியாமலிருக்க வேண்டுமானால் இரும்பைத் துப்புரவாக்கவேண்டும், அங்கேதான் ஆகப்பெரிய அழுக்கும் பிறக்கிறது. ஒரு சதுர மீற்றரை வெள்ளையிரும்பு தெரியும்வரை வீசித் துலக்க 30, 40 கிலோ துகள் சாதாரணமாகச் செலவாகும். பழைய இரும்பானால் அந்தத் துகளோடு ஈயமும் குரோமியமும் தாரும் கலந்து விழும். இலங்கையில் பெயின்ற்றின் ஈயத்துக்கு உச்சவரம்பு 2013 தொடக்கம்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்திய இரும்பில் எது இருக்கும் என்று ஊகிக்காமல், சோதித்தே பார்க்கவேண்டும். தூணைச் சுற்றித் தறப்பாளும் கீழே தட்டும் கட்டி விழுவதையெல்லாம் பிடித்து, சாக்கில் கட்டி, எடைபோட்டுக் கணக்குக் காட்டினால்தான் கொடுப்பனவு என்று எழுதுங்கள். பிடித்ததைக் கொண்டுபோய் ஊருக்குள் ஒரு வெறும்வளவில் கொட்டுவதையும் தடுக்கவேண்டும். எங்கள் சுண்ணக்கல் நிலம் எதையும் மேலே வைத்திருக்காது, நேரே கிணற்றுக்கு அனுப்பிவிடும். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் போனதை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோய், 2019 இல் 2 கோடி ரூபா இழப்பீட்டுத் தீர்ப்புப் பெறவேண்டி வந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்னொன்று, மணலை வீசித் துலக்குவதை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். வார்ப்பு வேலைகளில் அதைப் பிரித்தானியா 1949 இலேயே தடைசெய்தது, தொழிலாளியின் நுரையீரல் கல்லாகிப்போவதால்.

செலவைப் பற்றிய மறுப்பு நியாயமானது, அதை ஒதுக்க முடியாது. அலுமினியத் தெளிப்பு தார் எப்பொக்சியை விட முதல்நாளில் விலை கூடியதுதான். ஆனால் ஒரு கடல்வேலையில் பேணிக்குள் இருப்பதன் விலை சிறுபகுதி. சாரம், தோணி, காற்றழுத்த இயந்திரம், துலக்கும் கூலி, சேவை நிற்கும் நாட்கள் ஆகியவைதான் பணத்தைத் தின்பவை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவேண்டிய மலிவான பூச்சு, ஒவ்வொரு முறையும் இந்தச் செலவையெல்லாம் திரும்பக் கேட்கும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஒரு வாரம் சேவை நின்றால் நயினாதீவாரும் நெடுந்தீவாரும் என்ன பாடுபடுவார்கள் என்பது எந்த அளவுப் பட்டியலிலும் வராது. மேலும், கட்டுமானப் பணம் கொழும்பிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரும். பராமரிப்புப் பணம் அப்படி வருவதில்லை. திறப்பு விழாவுக்கு வருகிறவர் யாரும் பெயின்ற் அடிக்கத் திரும்பி வரப்போவதில்லை. பராமரிப்புக்கு நிதி கிடைக்காது என்று தெரிந்த ஊரில், பராமரிப்புக் குறைவான பூச்சை முதலிலேயே வாங்கிவிடுவதுதான் சிக்கனம்.

‘இரும்பே வேண்டாம், கொங்கிறீற்றில் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது’ என்பார் சிலர். கொங்கிறீற்றுக்குள்ளும் இரும்புதான் இருக்கிறது. ஃபுளோரிடாவின் கீஸ் தீவுகளை இணைக்கும் பாலங்களில், கம்பிகளுக்கு எப்பொக்சி பூசியே போட்டார்கள். எங்களுடையதைப் போன்ற வெதுவெதுப்பான ஆழங்குறைந்த கடல் அது. ஆறேழு வருடத்துக்குள் உள்ளே கறள் பிடித்து 1986 இல் கொங்கிறீற் வெடித்தது. பூச்சு ஒட்டாமல் போனதுதான் காரணம்.

கடைசியாக வரும் மறுப்பு, இங்கே உலோகத் தெளிப்புக்கு ஆளும் இல்லை, பொருளும் இல்லை என்பது. பொருளுக்குக் கேள்வி எழுந்தால் வரும், அதை எழுப்புவது உங்கள் ஒரு வரிதான். ஆளுக்குத்தான் உழைக்கவேண்டும். உலோகத் தெளிப்புத் துப்பாக்கி ஒன்றும் விண்வெளி இயந்திரமல்ல. நல்ல வெல்டருக்குச் சில கிழமைப் பயிற்சி போதும். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியிலும் இரசாயனத்துறை திருநெல்வேலியிலும் இருக்கின்றன. அவர்களிடம் பத்து இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, வெவ்வேறு பூச்சுகளுடன் ஐந்து வருடம் குருநகரிலும் காங்கேசன்துறையிலும் கட்டித் தொங்கவிடச் சொன்னால் என்ன செலவாகிவிடும்? பெரிய நிபுணத்துவம் தேவைப்படாத சிறு பிழைகளில்தான் பல பூச்சுகள் இங்கே பாழாகின்றன. துலக்கிய இரும்பைக் கழுவ, தீவுப்பகுதியில் கிட்டிய உவர்க் கிணற்றில் அள்ளிய நீரை ஊற்றினால், கழுவியதே உப்பைப் பூசியதாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுத்து, மாதங்களுக்குள் கொப்பளமாகக் கிளம்பும். இரும்பில் ஒட்டி நீர்விட்டு உப்பை அளக்கும் சிறு ஒட்டுத்தாள் சோதனை ஒன்று இருக்கிறது. சில நிமிட வேலை. பூச முன் அதன் அளவு பதிவேட்டில் இருக்கவேண்டும், நன்னீர் பவுசரில் வரவேண்டும் என்று எழுதுங்கள். விடியற்பனி ஈரம் காயாத இரும்பில் கைவைக்கக் கூடாது, பனிநிலையை விட மூன்று பாகை செல்சியசாவது இரும்பு சூடாயிருக்கவேண்டும், காலையில் துலக்கியதை மாலைக்குள் மூடவேண்டும் என்றும் எழுதுங்கள்.

அதோடு காலத்தையும் எழுதுங்கள். அரசின் நிதியாண்டு டிசெம்பரில் முடிவதால், ஒதுக்கிய பணத்தைத் திரும்பிப் போகாமல் செலவழிக்கும் அவசரம் எப்போதும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பிடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது மாரி. வாடையில் அலை எழும், இரும்பு நாள்முழுதும் வியர்க்கும், பூச்சு ஏறுவது ஈரத்தின்மேல்தான். வைகாசி பிறந்தால் சோளகம் உப்புத் தூவானத்தையும் புழுதியையும் கொண்டுவந்துவிடும். வாடை அடங்கிச் சோளகம் எழுமுன் பங்குனி, சித்திரையில் கடல் படுத்துக் கிடக்கும் சில கிழமைகளே இந்த வேலைக்கு உகந்தவை. துறைமுக அதிகார சபையானாலும், வீதி அபிவிருத்தி அதிகார சபையானாலும், மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனமானாலும், பூச்சு வேலையைக் கட்டுமானத்திலிருந்து தனியாகப் பிரித்து, கேள்விமனுவை முந்திய ஆவணியிலேயே திறந்து, வேலை பங்குனியில் தொடங்கும்படி ஒப்பந்தம் எழுதலாம். இதற்கு நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை, உங்கள் கையெழுத்துப் போதும். காங்கேசன்துறை வரைபடங்கள் மேசையில் இருக்கும்போதே எழுதினால் நல்லது. தூண் அடித்தபின் விபரக்கூற்றைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இங்ஙனம்,
வரியிறுப்பாளர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.